மெடிக்கல்ல வாங்குன க்ரீம் போட்டா பரு போச்சு, நிறுத்துனா பத்து மடங்கா வருது. இது பருதானுங்களா?

#1 செக்கிங்டேபிள் (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன். எனக்கு வயசு 24, பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கறேன். ப்ளஸ் டூ படிக்கறப்ப இருந்தே தாடையிலயும் நெத்தியிலயும் நாலஞ்சு பரு வரும் போகும், நான் பெருசா எடுத்துக்கிட்டதில்ல. போன வருஷம் பொண்ணு பாக்க வராங்கன்னு பேச்சு வந்ததும் அம்மாதான் பக்கத்து மெடிக்கல்ல "புள்ளைக்கு மூஞ்சில பரு"ன்னு சொல்லி ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்தாங்க. நைட்டு போட்டுட்டு படுத்தேன், மூணாவது நாளே பரு எல்லாம் அமுங்கி மூஞ்சி பளிச்சுனு ஆயிருச்சு. கம்பெனில எல்லாரும் என்ன போடறன்னு கேட்டாங்க.

அப்புறம் நிறுத்தவே முடியலைங்க. ரெண்டு நாள் போடலைன்னா கன்னம் முழுசும் சிவந்து பொரிப்பொரியா வந்துரும், போட்டா அடங்கிரும். இப்படியே எட்டு மாசம் ஓடிருச்சு. இப்ப போட்டாலும் அடங்கறதில்ல. கன்னத்துல நூல் மாதிரி சிவப்பு நரம்பு தெரியுது, மேல் உதட்டுல முடி கூட ஆயிருச்சு, ஐயனிங் டேபிள் பக்கம் ஸ்டீம் அடிக்கற எடத்துல நடந்தா மூஞ்சில மொளகாப்பொடி போட்ட மாதிரி எரியுது. சாப்பாட்டு நேரத்துல செவுத்த பாத்து உக்காந்துதான் சாப்படறேன். பக்கத்து டேபிள் அக்கா வேற ஒரு க்ரீம் சொல்றாங்க. மாத்தலாமுங்களா? இது பருதானா, வேற ஏதாவதா?

#2 கருப்பட்டிக்காபி

கண்ணு, கவலப்படாத. இது உடம்பு சூடு. நைட் ஷிப்ட், கம்பெனி சூடு, கடை சாப்பாடு எல்லாம் சேந்து பித்தம் ஏறிருக்கும். வாரம் ரெண்டு நாள் எண்ண தேச்சு குளி, வேப்பங்கொழுந்தும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சு பூசு. நிலக்கடலை, தேங்கா, சாக்லேட் மூணையும் விட்டுரு. எங்க வீட்டு புள்ளைங்களுக்கு அப்படித்தான் போச்சு.

#3 மாத்திரைப்பெட்டி

தங்கச்சி, மொதல்ல ஒரு வேலை செய்ங்க. அந்த ட்யூப்ப எடுத்து வெளிச்சத்துல வச்சு பின்பக்கம் பாருங்க, ட்யூப் மடிச்சிருக்கற அடிப்பக்கத்துக்கு கொஞ்சம் மேல பொடி எழுத்துல காம்போசிஷன் போட்டிருப்பாங்க. மொபைல்ல போட்டோ எடுத்து ஜூம் பண்ணா தெரியும். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன், இதுல ஏதாவது ஒண்ணு இருக்கான்னு பாருங்க. கம்பெனி பேர் இங்க போட வேணாம், உள்ள என்ன மருந்து இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.

அது வரைக்கும் மஞ்சள் வேப்பிலை எதுவும் அந்த மூஞ்சில பூசாதீங்க, ஐயா கோச்சுக்க கூடாது, எரியுற தோல்ல எது பட்டாலும் இன்னும் எரியும்.

#4 செக்கிங்டேபிள்

பாத்துட்டேனுங்க. ஹைட்ரோகுயினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%ன்னு போட்டிருக்குது. இடது பக்கம் மேல ஆர்எக்ஸ்னு இருக்குது. இவ்ளோ நாளா வெறும் ஃபேர்னஸ் க்ரீம்னு நெனச்சுட்டு இருந்தேன்.

#5 மாத்திரைப்பெட்டி

நெனச்சேன். நான் மேல சொன்ன நாலுமே ஸ்டீராய்டு, உங்க ட்யூப்ல இருக்கற மொமெட்டசோனும் அதுல ஒண்ணு. அந்த மூணும் சேந்த க்ரீம் மங்கு, அதாவது மெலாஸ்மாக்கு டாக்டர் பாத்து, குறிப்பிட்ட வாரம் மட்டும் போடறதுக்காக உள்ளது. பருவுக்கு உள்ளதே இல்ல. ட்ரெட்டினாயின் தனியா பருவுக்கு நல்ல மருந்து, ஆனா அதோட ஸ்டீராய்ட சேத்து மாசக்கணக்கா மூஞ்சில போட்டா நீங்க சொன்னதுதான் நடக்கும்.

பதினாறு வருஷமா மெடிக்கல்ல நிக்கறேன், மனசுல இருக்கறத சொல்லிடறேன். கவுண்டர்ல வந்து "பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்க, சீக்கிரம் போகணும், நாளான்னிக்கு விசேஷம்"னு கேப்பாங்க. மூணே நாள்ல ரிசல்ட் காட்டறது ஸ்டீராய்டு மட்டும்தான். உண்மையான பரு மருந்து வேலை செய்ய எட்டு வாரம், பன்னெண்டு வாரம் ஆகும், அத சொன்னா அடுத்த கடைக்கு போயிருவாங்க. அதனால குடுக்கறாங்க. தப்புன்னு தெரிஞ்சே குடுக்கறாங்க. 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளுக்கு இருந்த விலக்க எடுத்துட்டு, சீட்டு இல்லாம விக்க கூடாதுன்னு ஷெட்யூல் எச்ங்கற மருந்து பட்டியல்ல முழுசா கொண்டு வந்தாங்க. ட்யூப்ல அந்த ஆர்எக்ஸ் இருக்கறதுக்கு அர்த்தமே டாக்டர் சீட்டு வேணுங்கறதுதான். ஆனா சீட்டு கேக்காத கவுண்டர் ஊருக்கு பத்து இருக்கு, இதுல எனக்கு ஆத்தாமை ரொம்ப.

க்ரீம மாத்தாதீங்க, ஸ்கின் டாக்டர பாருங்க. போகும்போது அந்த ட்யூப்ப கையில எடுத்துட்டு போங்க.

#6 ஓபி_சீட்டு

நான் தோல் பிரிவுல பிஜி பண்றேன். போட்டோ பாக்காம, நேர்ல பாக்காம இதுதான்னு முடிவு சொல்ல மாட்டேன், ஆனா நீங்க எழுதுனத படிச்சா எங்க ஓபில வாராவாரம் பாக்கற கதை அப்படியே இருக்கு. இதுக்குன்னே ஒரு பேர் வச்சிருக்காங்க, ஸ்டீராய்டால கெட்ட முகம்னு. இந்திய தோல் மருத்துவர் சங்கம் இதுக்கு தனியா குழு போட்டு பல வருஷமா பேசிட்டிருக்கு.

என்ன நடக்குதுன்னா, ஸ்டீராய்டு ரத்தக்குழாய சுருக்கிடும், வீக்கத்த அமுக்கிடும். அதனால சிவப்பு மறையுது, தோல் வெளுத்த மாதிரி தெரியுது, எல்லாருக்கும் அது பளபளப்பா படுது. ஆனா பருவோட வேர் அடியில அப்படியே இருக்கு. கூடவே தோல் மெலிஞ்சிட்டே வருது, மெலிஞ்ச தோல் வழியா சின்ன ரத்தக்குழாய் வெளிய தெரியுது, அதுதான் உங்க நூல் மாதிரி நரம்பு. வெயிலு, ஸ்டீம், சோப்பு எது பட்டாலும் எரியும். க்ரீம நிறுத்துன உடனே அமுக்கி வச்சிருந்த ரத்தக்குழாய் எல்லாம் ஒரே அடியா விரியும், மூஞ்சி தீப்பிடிச்ச மாதிரி ஆகும், பயந்து திரும்ப போடுவீங்க. இந்த வட்டத்துல இருந்து தனியா வெளிய வர்றது ரொம்ப கஷ்டம், உங்க தப்பு இல்ல.

பருதானான்னு கேட்டீங்க, அது நல்ல கேள்வி. நிஜ பரு எப்படி வருதுன்னா, மூஞ்சில ஒவ்வொரு மயிர்க்காலுக்கு பக்கத்துலயும் எண்ணெய்ச் சுரப்பி இருக்கு (உள்ளங்கையிலயும் பாதத்துலயும் கிடையாது, அங்க யாருக்காச்சும் பரு பாத்திருக்கீங்களா). வயசுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன் ஏறுது, பொண்ணுங்களுக்கும் அது உண்டு, சுரப்பி பெருத்து எண்ணெய் அதிகமாகுது. மயிர்க்கால் உள்பக்கம் உதிர வேண்டிய செத்த செல் உதிராம எண்ணெயோட ஒட்டி தக்கை மாதிரி அடைக்குது. அடைப்புக்கு கீழ க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ்னு ஒரு கிருமி, எல்லார் தோல்லயும் சும்மா இருக்கறதுதான், அது எண்ணெய தின்னு பெருகுது, உடம்பு அத எதிர்க்க போய் வீக்கம், சீழ். சுவர் உடைஞ்சு உள்ள கொட்டுச்சுன்னா பெரிய கட்டி. இந்த அடைப்பு கண்ணுக்கு தெரியறதுக்கு பல வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிருது, அதனாலதான் மருந்தும் வாரக்கணக்கா பிடிக்குது.

அதனால நிஜ பருவுல கரும்புள்ளி, வெள்ளப்புள்ளி, சிவப்பு பரு, சீழ் பரு, காஞ்ச தழும்பு எல்லாம் ஒரே மூஞ்சில கலந்து கெடக்கும். நாங்க மொதல்ல தேடறது அந்த கரும்புள்ளி வெள்ளப்புள்ளியத்தான். ஸ்டீராய்டால வர்றது எல்லாம் அச்சுல ஊத்துன மாதிரி ஒரே அளவுல, ஒரே நெறத்துல சின்ன சின்ன பொரியா இருக்கும். பெரும்பாலும் டெஸ்ட்டே தேவைப்படாது, நல்ல வெளிச்சம், ஒரு லென்சு, பத்து நிமிஷம் பொறுமையா கேள்வி, அவ்வளவுதான். எப்ப ஆரம்பிச்சது, என்னென்ன போட்டீங்க, மாதவிடாய் ஒழுங்கா வருதா, தலைக்கு என்ன எண்ணெய், வேற மாத்திரை உண்டான்னு கேப்போம். வலிப்பு மாத்திரைல ஃபெனிட்டாய்ன், டிபி மாத்திரைல ஐசோநையசிட், பி12 ஊசி, இதெல்லாம் கூட பரு மாதிரி கொண்டு வரும், ஆனா அதுக்காக யாரும் மாத்திரைய சொந்தமா நிறுத்திடாதீங்க.

உங்க ஊர் ஜி.எச்.ல தோல் பிரிவு இருக்கும், காலைல சீக்கிரம் போய் ஓபி சீட்டு போட்டுருங்க.

#7 வைகைக்கரை

டாக்டர் தம்பி, குறுக்க கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. என் மகன் பத்தாவது. மூக்கு, நெத்தி பூரா கருப்பு கருப்பா புள்ளி. அழுக்குன்னு சொல்லி ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ சோப்பு போட்டு தேய்க்கிறான், பீர்க்கங்கூடு வச்சு தேச்சு தோல் உரிஞ்சே போச்சு. நானும் "மூஞ்சிய ஒழுங்கா கழுவுறா"ன்னு திட்டிட்டேதான் இருந்தேன். இப்ப ரெண்டு வாரமா ஸ்கூலுக்கு மாஸ்க் போட்டுட்டு போறான், குரூப் போட்டோ எடுத்த அன்னிக்கு வயித்து வலின்னு லீவு போட்டுட்டான்.

#8 ஓபி_சீட்டு

அம்மா, அந்த கருப்பு அழுக்கே இல்ல. அடைப்போட வாய் திறந்திருந்தா உள்ள இருக்கற எண்ணெயும் தோலோட நிறமியும் காத்து பட்டு கருத்துப்போகும், அதான் கரும்புள்ளி. கழுவுனா போகாது. தேய்க்க தேய்க்க பரு கூடத்தான் செய்யும். ரெண்டு வேளை, கையால, மென்மையான சோப்பு இல்லன்னா ஃபேஸ்வாஷ், போதும். பீர்க்கங்கூட்ட ஒளிச்சு வச்சிருங்க.

12ல இருந்து 24 வயசுக்குள்ள 100ல கிட்டத்தட்ட 85 பேருக்கு ஏதோ ஒரு அளவுல வந்துட்டு போற விஷயம் இது. ஆனா போட்டோவுக்கு பயந்து லீவு போடறான்னு சொன்னீங்கள்ல, எனக்கு பருவ விட அதுதான் பெருசா படுது. பரு எத்தனங்கறத வச்சு மட்டும் நாங்க மருந்து முடிவு பண்றதில்ல, புள்ள எவ்வளவு ஒடுங்கிப்போயிருக்கான்னும் பாப்போம். "வயசு கோளாறு, தானா போயிரும்"னு விடாம ஒரு தடவ கூட்டிட்டு போங்க. அவன் அளவுக்கு அடப்பலீன் 0.1% ஜெல் நைட்டு ஒரு பட்டாணி அளவு மொத்த மூஞ்சிக்கும், கூட பென்சாயில் பெராக்சைடு 2.5%, இப்படி ஏதாவதுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பாங்க. பரு மேல பொட்டு வச்ச மாதிரி போட்டா பிரயோஜனம் இல்ல, வரப்போற பருவ தடுக்கத்தான் அது. மொத ரெண்டு மூணு வாரம் காயும், உரியும், அதுல பயந்து நிறுத்துறவங்கதான் பாதி பேர். பென்சாயில் பெராக்சைடு தலகாணி உறைய வெளுத்துரும், பழைய உறை போடுங்க.

#9 வைகைக்கரை

திட்டுனத நினைச்சா தொண்டைய அடைக்குது தம்பி. இன்னிக்கு சாயங்காலம் அவன்கிட்ட பேசறேன்.

#10 டம்பெல்_சேலம்

என் கதையும் சொல்லிடறேன் யாருக்காச்சும் உதவும். ஜிம்முக்கு போக ஆரம்பிச்சதும் நெஞ்சு, முதுகு, நெத்தில முடி ஆரம்பிக்கற எடம் பூரா சின்ன சின்னதா வந்துச்சு, பருன்னு நெனச்சு மெடிக்கல்ல மூணு தடவ ஆன்டிபயாடிக் கோர்ஸ் போட்டேன், இன்னும் அதிகமாதான் ஆச்சு. ஒரே அரிப்பு வேற, வேர்த்தா சொறிஞ்சே சாவணும். கடைசில ஸ்கின் டாக்டர் ஒண்ண சொரண்டி ஸ்லைடுல வச்சு பாத்துட்டு இது பருவே இல்லப்பா, மயிர்க்கால்ல ஈஸ்ட் பூஞ்சைன்னாரு. மலசீசியான்னு பேரு. நான் போட்ட ஆன்டிபயாடிக் அதுக்கு எதிரா இருந்த பாக்டீரியாவையும் கொன்னு பூஞ்சைக்கு எடம் விட்டிருக்குன்னு சொன்னாரு. பூஞ்சை மருந்து போட்டதும் மூணு வாரத்துல போயிருச்சு. அதனால அரிச்சா, எல்லாம் ஒரே சைசா இருந்தா, மருந்து மாத்தி மாத்தி போடறதுக்கு முன்னாடி காட்டிருங்க ப்ரோஸ்.

அப்புறம் ஜிம்முக்காக குடிச்ச வே புரோட்டீன் (பால்ல இருந்து எடுக்கற பவுடர்) நிறுத்துனதும் தாடைல வந்துட்டு இருந்த நிஜ பருவும் குறைஞ்சுச்சு, அது எனக்கு மட்டுமான்னு தெரியல.

#11 கருப்பட்டிக்காபி

படிச்சுட்டு வரேன் எல்லாத்தையும். பூசச் சொன்னது அவசரப்பட்டு சொன்னதுதான் கண்ணு, வச்சுக்காத. ஆனா டாக்டர் தம்பி, சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க, நான் கண்ணால பாத்திருக்கேன்.

#12 ஓபி_சீட்டு

சம்பந்தம் இருக்குங்கய்யா, நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரொம்ப வருஷமா இல்லன்னுதான் புத்தகத்துல இருந்துச்சு, 1969ல அமெரிக்கால சாக்லேட் குடுத்து ஒரு ஆய்வு பண்ணி வித்தியாசமே இல்லன்னு முடிச்சுட்டாங்க, ஆனா ஒப்பிட குடுத்த சாக்லேட் இல்லாத மிட்டாய்லயும் அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்துச்சு. அப்புறம் 2002ல வெளிவந்த ஒரு ஆய்வுல பாப்புவா நியூ கினியால கிட்டாவான்னு ஒரு தீவுல 1200 பேர பாத்தாங்க, அதுல 15ல இருந்து 25 வயசுக்காரங்க 300 பேர், ஒருத்தருக்கு கூட பரு இல்ல. அவங்க சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்கா. மைதா, சர்க்கரை கிட்டத்தட்ட இல்ல. பரம்பரையும் காரணமா இருக்கலாம், அத வச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாது, ஆனா தேங்காயால பரு வரும்னா அங்க எல்லாருக்கும் வந்திருக்கணும்ல.

சர்க்கரைய சட்டுனு ஏத்துற சாப்பாடு இன்சுலின ஏத்தும், இன்சுலின் கூட ஐஜிஎஃப்னு வளர்ச்சிய தூண்டற ஒரு ஹார்மோனும் ஏறி எண்ணெய்ச் சுரப்பிய தூண்டும். பால், முக்கியமா வே புரோட்டீன், சிலருக்கு அதே வேலைய செய்யும். டம்பெல் தம்பி கவனிச்சது சரியாவே இருக்கலாம். டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, கூட பேக்கரி பப்ஸு, கூல்ட்ரிங்ஸ், இத குறைக்க சொல்வேன். நிலக்கடலைய விடச் சொல்ல மாட்டேன்.

தலை எண்ணெய் விஷயம் மட்டும் நெத்தி பருவுக்கு நிஜம். வழிய வழிய வச்சு நெத்தில இறங்குனா மயிர்க்கால அடைக்கும். நுனி முடிக்கு வைங்க, தலகாணி உறைய அடிக்கடி மாத்துங்க.

#13 நிலாச்சோறு

எனக்கு 27 வயசுல திடீர்னு தாடையிலயும் கழுத்துலயும் உள்ளுக்குள்ள வலிக்கற கட்டியா வந்துச்சு. அது வரைக்கும் சுத்தமான மூஞ்சி. பார்லர்ல மூணு மாசம் ஃபேஷியல் பண்ணி ரூவா போனதுதான் மிச்சம். மாதவிடாய் ரெண்டு மாசம் மூணு மாசம் தள்ளிப்போறத நான் ஸ்கூல் வேலை டென்ஷன்னு நெனச்சுட்டேன். தோல் டாக்டர்தான் மொதல்ல கேட்டாங்க, "தாடைல முடி வருதா, தேதி ஒழுங்கா வருதா"ன்னு. ரத்த டெஸ்ட், ஸ்கேன் எடுத்து பிசிஓஎஸ்னு, அதாவது சினைப்பை ஹார்மோன் கோளாறுன்னு சொன்னாங்க. தேதி தவறுறது, ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேன்ல சினைப்பைல நீர்க்குமிழ், இந்த மூணுல ரெண்டு இருந்தா, அதே மாதிரி காட்டற தைராய்டு மாதிரி வேற கோளாறு இல்லன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவாங்களாம். செக்கிங்டேபிள் சிஸ்டர், உங்களுக்கு உதட்டு மேல முடின்னு எழுதிருக்கீங்க, ஸ்டீராய்டாலயும் வரும்தான், ஆனா தேதி பத்தியும் டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

#14 செக்கிங்டேபிள்

எல்லாருக்கும் நன்றிங்க. வியாழக்கிழம லீவு போட்டு ஜி.எச். போனேன். ட்யூப்ப நீட்டுன உடனே அந்த மேடம் "எத்தன மாசம்?"ன்னுதான் கேட்டாங்க, வேற ஒண்ணுமே கேக்கல மொதல்ல. எட்டு மாசம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கு அழுக வந்துருச்சு. லென்சு வச்சு கன்னத்த, தாடைய எல்லாம் பாத்தாங்க. கன்னத்துல இருக்கறது ஸ்டீராய்டால, தாடைல இருக்கற நாலஞ்சு மட்டும் உன்னோட பழைய பரு, ரெண்டும் வேற வேற, ஒண்ணு ஒண்ணா பாக்கலாம்னாங்க. தேதி எல்லாம் கேட்டாங்க, எனக்கு ஒழுங்காத்தான் வருது.

ட்யூப்ப நிறுத்தியாச்சு. டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத ஒரு ஆயின்மென்ட், மாய்ச்சரைசர், எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். மாத்திரைய டம்ளர் நெறைய தண்ணியோட முழுங்கணும், முழுங்கிட்டு உடனே படுக்க கூடாதுன்னு சொன்னாங்க. "மொத மூணு வாரம் இன்னும் மோசமாத்தான் தெரியும், அப்ப திரும்ப அந்த ட்யூப்ப தேடாத"ன்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினாங்க.

இன்னைக்கு ஆறாவது நாள். மூஞ்சி வீங்கி, கண்ணுக்கு கீழ எல்லாம் சிவந்து, ஈரத்துணி வச்சுட்டு உக்காந்துதான் டைப் பண்றேன். நைட்டு ரெண்டு மணிக்கு எந்திரிச்சு குப்பைல போட்ட ட்யூப்ப தேடுனேனுங்க. அம்மா அத எப்பவோ வண்டில போட்டுட்டாங்க. நல்லதுக்குத்தான்.

#15 மாத்திரைப்பெட்டி

ட்யூப் கையில கெடைக்கலையே, அது போதும். தோணும்போதெல்லாம் இங்க வந்து எழுதுங்க, யாராச்சும் முழிச்சிருப்போம்.

#16 டம்பெல்_சேலம்

கேக்கணும்னு இருந்தேன், என் ரூம்மேட்டுக்கு கன்னம் பூரா குழி. பழைய பரு. க்ரீம் போட்டா நெரம்புமா?

#17 ஓபி_சீட்டு

கருப்பு தழும்பும் குழியும் வேற வேற. நம்ம நெறத்துக்கு பரு ஆறுனதும் கருப்பா ஒரு தடம் நிக்கும், அது நிறமி மட்டும்தான், வெயில்ல பாதுகாத்தா மாசக்கணக்குல மங்கிரும். குழி அப்படி இல்ல, உள்ள தோல தாங்கற கொலாஜன் நார் அழிஞ்சு தோல் உள்வாங்குனது. ஊசி குத்துன மாதிரி ஆழமா ஒண்ணு, பெட்டி மாதிரி ஓரம் நேரா ஒண்ணு, அல மாதிரி ஒண்ணுன்னு மூணு விதம் உண்டு. க்ரீம் அத நெரப்பாது. மைக்ரோநீட்லிங் (சின்ன சின்ன ஊசியால குத்தறது), லேசர், சப்சிஷன் (குழிய அடியில இழுத்து பிடிக்கற நார ஊசியால அறுத்து விடறது)னு சிகிச்சை இருக்கு, ஓரளவு சரியாகும், முழுசா பழைய மாதிரி ஆகும்னு யாராச்சும் பேக்கேஜ் பேசுனா காசு கட்டாதீங்க. பரு இன்னும் வந்துட்டு இருந்தா அத மொதல்ல அடக்கணும்.

பெரிய கட்டி கட்டியா வர்றவங்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இருக்கு, 1982ல அமெரிக்கால அனுமதி வந்தது, குழி விழறதுக்கு முன்னாடி குடுத்தா வாழ்க்கையே மாறும், நான் பாத்திருக்கேன். கணக்கு உடம்பு எடைய வச்சு, கிலோவுக்கு மொத்தமா 120ல இருந்து 150 மில்லிகிராம். 50 கிலோ ஆள் தினம் 20 மில்லிகிராம் எடுத்தா குறைஞ்சது 300 நாள், பாதில விட்டா திரும்பி வர வாய்ப்பு அதிகம். உதடு வெடிக்கும், கல்லீரல், கொழுப்பு ரத்த டெஸ்ட் பாக்கணும். பொண்ணுங்க இந்த மாத்திரை எடுக்கறப்பவும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பமாகவே கூடாது, குழந்தைக்கு மோசமான ஊனம் வரும். டாக்ஸிசைக்ளினோட சேத்து எடுக்க கூடாது. இதையும் சில கவுண்டர்ல சீட்டு இல்லாம தர்றாங்கன்னு கேள்விப்படறப்ப வயித்த கலக்குது.

#18 வைகைக்கரை

மகன கூட்டிட்டு போனேன். அடப்பலீன்தான் குடுத்தாங்க. நாலு வாரம் ஆச்சு, தோல் உரிஞ்சு இப்ப நின்னுருச்சு, கரும்புள்ளி லேசா கம்மி. மாஸ்க் இன்னும் பையில எடுத்துட்டுதான் போறான், ஆனா போடறானான்னு நான் கேக்கறதில்ல.

#19 செக்கிங்டேபிள்

பன்னெண்டு வாரம் ஆச்சுங்க. மொத மாசம் நரகம், அத மறைக்க விரும்பல. அஞ்சாவது வாரத்துல இருந்து வீக்கம் இறங்குச்சு. இப்ப பொரி இல்ல. நூல் நரம்பு இருக்குது, அது போக நாளாகும், கொஞ்சம் நிக்கவும் செய்யலாம்னு மேடம் சொன்னாங்க. தாடைல மூணு பரு இருக்குது, கரும்புள்ளி, வெள்ளப்புள்ளி எல்லாம் கலந்து, நீங்க சொன்ன மாதிரியே. அதுக்கு இப்பத்தான் அடப்பலீன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆரம்பிச்சிருக்காங்க. நேத்து ஐயனிங் டேபிள் பக்கமா பீஸ் கட்ட தூக்கிட்டு போனேன், ஸ்டீம் மூஞ்சிலயே அடிச்சுது, எரியல.

சாப்பாட்டு நேரத்துல எங்க லைன்ல பேசிட்டு இருந்தோம். நான் ட்யூப் போட்டோவ காட்டுனேன். நாலு பேரு பைக்குள்ள இருந்து எடுத்து காட்டுனாங்க, ரெண்டு அதே மூணு மருந்து, ஒண்ணு பீட்டாமெத்தசோன், ஒண்ணுல குளோபிட்டசால். அதுல ஒரு புள்ளைக்கு பத்தொம்பது வயசு, ஒரு வருஷமா போடறாளாம். சூப்பர்வைசர்கிட்ட சொல்லி ஷிப்ட் மாத்தி வாங்கியாச்சு, செவ்வாக்கிழம காலைல அஞ்சு பேரும் ஓபிக்கு போறோம். ட்யூப்ப எல்லாம் ஒரு கவர்ல போட்டு நானே வச்சிருக்கறேன்.